பண்பாடு வயலில் பிறந்த சொல்லா? எந்த வயலில்?

மேலூர்க்காரன்:
எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேச வந்தவர், “உழவன் நிலத்தைப் பண்படுத்தினான், அதிலிருந்துதான் பண்பாடு என்ற சொல்லே பிறந்தது” என்றார். கூட்டமும் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடமாக வயலில் இறங்குகிறேன். காய்ந்த மண்ணில் உழுதால் புழுதி உழவு என்போம், தண்ணீர் விட்டுச் சேறாக்கினால் தொளி அடிப்பது என்போம், பலகையால் சமன் செய்தால் பரம்படிப்பது என்போம். ஒருவர்கூட ‘நிலத்தைப் பண்படுத்தினேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தெற்குமாசி:
அண்ணே, நீங்கள் கேட்காவிட்டால் சொல்லே இல்லையா? வானொலி வேளாண் நிகழ்ச்சியில் சொல்கிறார்களே. லத்தீனிலும் இதே கதைதான். ‘கொலேரே’ என்றால் உழுவது, பேணுவது, வழிபடுவது. அதிலிருந்து வந்ததுதான் ‘குல்தூரா’. வளமான வயலும் உழாமல் விளையாது, கல்வி இல்லாத மனமும் அப்படியே என்று சிசரோ கி.மு. 45-லேயே எழுதிவிட்டார்.

மேலூர்க்காரன்:
வானொலியில் பேசுகிறவர் தொளியில் நிற்கிறாரா தம்பி? சிசரோ அவர் ஊர் வயலைப் பார்த்துச் சொன்னார், சரி. அதை ஏன் நம் வயலில் கொண்டுவந்து நட வேண்டும்? ‘கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பண்பாடு என்பதைக் கொண்டுவந்தவர் இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. என்று தமிழ் அகராதி தொகுத்த வையாபுரிப் பிள்ளையே எழுதியிருக்கிறார். அதெல்லாம் 1930களில். அதுவரை கலாசாரம் என்றுதான் எழுதினார்கள். படித்தவர்கள் செய்த சொல்லுக்கு எங்கள் ஏரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

சோழவந்தான் டீச்சர்:
பாடு, பண்பு இரண்டுமே பழைய சொற்கள். “பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்” என்று கலித்தொகையில் இருக்கிறது. மண்ணையும் மனிதனையும் சேர்த்துப் பார்ப்பது லத்தீனிலிருந்து வந்ததும் இல்லை. 959-ஆம் குறளைப் பாருங்கள். நிலம் எப்படிப்பட்டது என்பதை முளை காட்டும், குடி எப்படிப்பட்டது என்பதை வாய்ச்சொல் காட்டும்.

மேலூர்க்காரன்:
நல்ல குறள், டீச்சர். அதில் பண்படுத்து எங்கே? உழவு அதிகாரம் பத்துக் குறளிலும் தேடுங்கள், கிடைக்காது. ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். தொடிப்புழுதி! நாங்கள் இன்றைக்கும் சொல்கிற அதே புழுதி.

கரிசல்காட்டான்:
எங்கள் கள்ளிக்குடிப் பக்கம் தொளி என்ற பேச்சே கிடையாது, எல்லாம் மானாவாரி. மேலூர் பேசுவதுதான் மதுரைப் பேச்சா? போன மாதம் நாட்டுமாடு விவாதத்திலும் இப்படித்தான் எங்களைப் பேச விடவில்லை.

மேலூர்க்காரன்:
அந்தப் பழைய பஞ்சாயத்து இங்கே வேண்டாம். சரி, கள்ளிக்குடியில் பண்படுத்து என்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரிசல்காட்டான்:
நாங்கள் என்ன சொன்னால் உங்களுக்கு என்ன?

சோழவந்தான் டீச்சர்:
எங்கள் அப்பா பண்படுத்து என்றுதான் சொல்வார். எழுதப் படிக்கத் தெரிந்த விவசாயி அவர்.

மேலூர்க்காரன்:
அப்போ எங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்கிறீர்களா? பெரியாற்றுக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உங்களுக்கு இருபோகம், அதற்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம். வருடத்துக்கு ஒரு தடவைதான் பெரியாற்றுத் தண்ணீர், அதனால் உழவில் ஒரு சால் தப்பக்கூடாது எங்களுக்கு. அப்பா தொளிக்குள் குதிகாலை அழுத்தி எடுப்பார். குழி தானாக மூடிக்கொண்டு மேலே தண்ணீர் கலங்கி நின்றால் “பதம் வந்துருச்சு” என்பார், மூடாவிட்டால் மாட்டைத் திரும்ப இறக்குவார். பதம் என்றார் டீச்சர், பண் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

தெற்குமாசி:
பண்ணை என்கிறோமே, அதில் பண் இல்லையா?

மேலூர்க்காரன்:
ஆரம்பித்துவிட்டீர்களா! கோழிப் பண்ணையிலும்தான் இருக்கிறது, அங்கே யார் உழுதது?

சோழவந்தான் டீச்சர்:
இருபோகம் வாங்கினால் உழத் தெரியாது என்று சொன்னதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் ஐயா.

மேலூர்க்காரன்:
அப்படி நான் சொல்லவே இல்லை. பண்படுத்து என்று எந்த ஊரில், எந்த வயலில் சொல்கிறார்கள்? ஊர்ப் பேரைப் போடுங்கள், நாளைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.