சைப்ரஸ் தேனீ ஆர்க்கிட் ஏற்காட்டில் வளருமா?

கேள்வி – அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சைப்ரஸ் தீவுக்கே உரிய அரிய தேனீ ஆர்க்கிட்டான ஓஃப்ரிஸ் கோட்சியின் படத்தைப் பார்த்த நாள் முதல் அதே நினைவாக இருக்கிறேன். கரிய உதட்டிதழில் வெள்ளைக் கோலமிட்டதுபோல் இருக்கும் அப்பூவைத் தேனீ என்றே நம்பிவிடத் தோன்றுகிறது. அது சுண்ணாம்பு நிலத்தில் வளரும் என்கிறார்கள். ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் மண்ணும் கிடைக்கிறது. கிழங்கை வரவழைத்து நட்டால் பிழைக்குமா?

பதில் – நாகலூர் தோட்டக்காரர்

ஐயா, சேலத்து வெள்ளைக்கல் சுண்ணாம்புக்கல் அன்று. ஆங்கிலேயர் அந்தக் குன்றுகளுக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயரிட்டதால் வந்த குழப்பம் இது. அது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மேலே சேர்வராயன் மலையில் சார்னோகைட் பாறையும் அமிலத்தன்மையுள்ள மண்ணும்தான் இருக்கின்றன. மண்ணையாவது சுண்ணாம்பு இட்டுத் திருத்தலாம், பருவத்தை என்ன செய்வது? சைப்ரஸில் மழை பெய்வது குளிர்காலத்தில். அப்போது இலை விட்டு, வசந்தத்தில் பூத்து, கோடை முழுவதும் வறண்ட மண்ணுக்குள் கிழங்காக உறங்கும் செடி அது. அது உறங்க வேண்டிய ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கும். ஈரத்தில் கிழங்கு அழுகிவிடும்.

பதில் – தாவரவியல் ஆசிரியை

மண்ணும் மழையும் பொருந்தினாலும் தேனீ வேண்டுமே. அப்பூவில் தேன் கிடையாது. பெண் தேனீயின் மணத்தைப் பூவே சுரக்க, இணையென்று எண்ணி வந்தமரும் ஆண் தேனீயின் உடலில் மகரந்தத் திரள் ஒட்டிக்கொண்டு, அது மறுபடி ஏமாறும் அடுத்த பூவைச் சேர்கிறது. அல்ஜீரியாவில் இதைப் பல ஆண்டுகள் கவனித்த புயான் என்ற பிரெஞ்சு நீதிபதியின் குறிப்புகள் 1916இல் வெளிவந்தன. ஓஃப்ரிஸ் இனம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓரிரு வகைத் தேனீக்களையே நம்பியிருக்கிறது. தூள் போன்ற அதன் விதையில் உணவுச் சேமிப்பும் இல்லை, மண்ணிலுள்ள பூஞ்சைதான் முளைக்கு உணவூட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று விற்பது தரை ஆர்க்கிட்டின் கிழங்குதான். துருக்கியில் சாலெப் பானத்துக்காகவும் இத்தகைய கிழங்குகளைக் காட்டிலிருந்து தோண்டியெடுக்கிறார்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருப்பதால் அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது குற்றம். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. முதலில் அங்கே சென்று நம் மலைகளின் இனங்களைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கிழங்கு வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். எங்கள் பலா மரத்தில் வேர் தொங்க ஒட்டியிருப்பதும் ஆர்க்கிட்தான் என்று இப்போது தெரிகிறது. நிழல் மரங்களைக் கவாத்து செய்ய அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கிளையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.