வங்கக் கடல் மாதிரி: பருவச் சுழற்சி சரியாக வருகிறது, ஆண்டுக்காண்டு மாறுபாடு மட்டும் வரவில்லை – உதவி தேவை

கரையோரம்:
அனைவருக்கும் வணக்கம். இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே எவ்வாறு மாறுபடுகிறது என்பதை கடலின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிடும் ரோம்ஸ் மாதிரியின் துணையோடு ஆராய்ந்து வருகிறேன். மாதிரியின் பரப்பு 4° வடக்கிலிருந்து விரிகுடாவின் தலைப்பகுதி வரையிலும், 78° கிழக்கிலிருந்து 99° கிழக்கு வரையிலும் உள்ளது. தெற்கும் மேற்கும் திறந்த எல்லைகள். கிடைமட்டப் பிரிதிறன் 1/12 பாகை. காற்றுக்கு ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வின் (அளவீடுகளையும் மாதிரியையும் இணைத்து உருவாக்கிய தரவுத்தொகுப்பு) மணிநேரத் தரவை 1993 முதல் 2019 வரை கொடுத்திருக்கிறேன். எல்லைகளில் எங்கள் குழுவில் நெடுநாளாகப் புழங்கிவரும் கோப்பைப் பயன்படுத்துகிறேன். அதில் வெப்பநிலை, உப்புத்தன்மை, கடல்மட்டம், நீரோட்டம் ஆகியவற்றுக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பல்லாண்டுச் சராசரிகள் உள்ளன. மேற்பரப்பு உப்புத்தன்மை 30 நாள் கால அளவில் சராசரியை நோக்கி இழுக்கப்படுகிறது.

நீரோட்டம் மார்ச்–ஏப்ரலில் வடக்கு நோக்கியும் நவம்பரில் தெற்கு நோக்கியும் வலுவாக ஓடுவது மாதிரியில் நன்றாகவே வருகிறது. ஆனால் பருவச் சுழற்சியை நீக்கிவிட்டு, சென்னைக்கு அப்பாலுள்ள கடல்மட்டத்தைச் செயற்கைக்கோள் அளவீட்டோடு ஒப்பிட்டால், மாதிரியின் திட்ட விலக்கம் பாதிகூட இல்லை. ஏற்ற இறக்கங்களின் காலமும் பொருந்தவில்லை. நீரின் உள் உராய்வைக் குறிக்கும் பாகுநிலைக் கெழுவைக் குறைத்தால் இது சரியாகுமா?

சுழிநீர்:
குறைத்துப் பாருங்கள். பாகுநிலை மிகுதியாக இருந்தால் சுழிப்புகள் உருவாகும் முன்பே அடங்கிவிடும். நான் ஒருமுறை அதைப் பாதியாக்கியதும் கடல்மட்ட மாறுபாடு கண்கூடாக உயர்ந்தது.

ஆழ்நீர்:
சுழிநீர் அவர்கள் சொல்வதுபோல் மாறுபாட்டின் அளவு உயரும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு உயர்வது பெரும்பாலும் கடல் தனக்குள் தானே உண்டாக்கிக்கொள்ளும் சுழிப்புகளின் பங்கு. அவை எந்த ஆண்டில், எந்த மாதத்தில் தோன்றும் என்பது தற்செயலைப் பொறுத்தது. திட்ட விலக்கம் அளவீட்டோடு ஒத்துப்போகும், ஏற்ற இறக்கங்கள் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு இருந்த இடத்திலேயே கிடக்கும். அப்படி வரும் பொருத்தத்தை நான் பொருத்தம் என்றே கொள்ளமாட்டேன்.

கரையோரம் அவர்களே, உங்கள் கேள்வியிலேயே விடை இருப்பதாகப் படுகிறது. இந்நீரோட்டத்தை உள்ளூர்க் காற்று மட்டும் இயக்குவதில்லை. விரிகுடாவின் உட்பகுதியில் காற்றின் சுழற்சியால் நிகழும் எக்மன் ஏற்றம் (நீர் மேலும் கீழும் நகர்வது), அந்தமான் கடலிலும் வடக்குக் கரையிலும் வீசும் காற்று, நிலநடுக்கோட்டில் வீசும் காற்று ஆகிய மூன்றும் அதில் பங்கு கொள்கின்றன. நடுக்கோட்டுக் காற்று எழுப்பும் கெல்வின் அலை (நடுக்கோட்டையோ கரையையோ ஒட்டியே நகரும் பேரலை) கிழக்கே சென்று சுமத்ராவில் மோதி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே திரும்பும் கிளை கரையைத் தன் வலப்புறம் வைத்துக்கொண்டு அந்தமான் கடல், மியான்மர், வங்காளக் கரை, ஒடிசா என்று விரிகுடாவைச் சுற்றி உங்கள் சென்னைக்கு வந்துசேர்கிறது. உங்கள் மாதிரியோ 4° வடக்கில் முடிந்துவிடுகிறது. அதாவது, அந்த அலை உள்ளே நுழையக்கூடிய ஒரே வாசல் தெற்கு எல்லையில் சுமத்ராவை ஒட்டிய மூலை; அங்கே எல்லா ஆண்டுகளிலும் ஒரே பன்னிரண்டு மாதங்களைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறீர்கள். 1997-உம் 1998-உம் அந்த வாசலில் ஒன்றேதான். பருவச் சுழற்சி சரியாக வருவதற்கும் மற்றது வராததற்கும் இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. சுமத்ராவின் எல்லை மூலையிலிருந்து சென்னை வரை கரையோரமாகக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கரைவழித் தொலைவைக் கிடையச்சிலும் காலத்தை நிலையச்சிலும் வைத்துப் பருவம் நீக்கிய கடல்மட்டத்தை வரையுங்கள். 1997-இன் இறுதி மாதங்களைப் பாருங்கள். அவ்வாண்டு இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வின்போது (பெருங்கடலின் கிழக்கு, மேற்குப் பகுதிகளின் வெப்பநிலை எதிரெதிராக மாறும் நிகழ்வு) நடுக்கோட்டில் கிழக்கிலிருந்து காற்று வீசியதால், வழக்கமாக அக்டோபர்–நவம்பரில் வரும் கடல்மட்ட உயர்வு வலுவிழந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தாழ்வு சுமத்ராவில் தொடங்கிச் சாய்ந்த பட்டையாக மேலேறுவதைக் காணலாம். உங்கள் மாதிரியில் பட்டையின் தொடக்கமே இருக்காது என நினைக்கிறேன்.

கரையோரம்:
மிக்க நன்றி ஐயா. வரைந்து பார்த்தேன். அளவீட்டில் பட்டை தெளிவாகத் தெரிகிறது. மாதிரியில் சுமத்ரா மூலையிலிருந்து ஐராவதி முகத்துவாரம் வரை ஏறக்குறைய வெறுமையாகவே உள்ளது. அதற்கு மேல்தான் மங்கலாக ஏதோ தோன்றுகிறது. மறுபகுப்பாய்வின் மாதச் சராசரிகளை ஆண்டுவாரியாக எல்லையில் கொடுத்தால் போதுமா? நாள்தோறும் கொடுக்கும் அளவுக்கு எங்களிடம் சேமிப்பிடம் இல்லை.

ஆழ்நீர்:
மாதச் சராசரி போதாது. கடலின் உள்ளடுக்குகளில் பரவும் அலைகளில் மிக வேகமானதான முதல் உள்ளலை முறைமைக்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் என்று கொண்டால், ஒரு நாளில் 216 கி.மீ. கடக்கும். உங்கள் எல்லை மூலையிலிருந்து சென்னை வரை கரைவழியாகத் தோராயமாக 4000 கி.மீ. இருக்கும், ஆக, மூன்று வாரங்களுக்குள் அலை வந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் பயணத்தை மாதச் சராசரியால் உள்ளே அனுப்பினால், அலையின் முகடு மழுங்கி, வரும் நேரமும் தவறும். ஐந்து நாள் சராசரி போதுமானது. எல்லைக் கோட்டை மட்டும் வெட்டியெடுத்தால் சேமிப்பிடமும் பெரிதாக வேண்டியிருக்காது. குளோரிஸ் என்னும் கடல் மறுபகுப்பாய்வு 1993 முதல் 1/12 பாகையில் நாள்தோறும் கிடைப்பதால் உங்கள் காலத்துக்கும் பிரிதிறனுக்கும் ஏற்றது.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடல்மட்டத்தையும் ஆழச்சராசரி நீரோட்டத்தையும் மட்டும் புதுப்பித்துவிட்டு, ஃபிளாதர் எல்லை நிலைமை (திறந்த எல்லையில் அலைகளை உள்ளும் புறமும் விடும் கணக்கீட்டு விதி) மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக்கூடாது. அந்த நிலைமை மேற்பரப்பு அலைகளைக் கடத்துவதற்கானது. நமக்கு வேண்டிய அலையோ வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கு மேலும் கீழும் நகர்வதில் இருக்கிறது. ஆகவே வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழவாரி நீரோட்டம் ஆகிய மூன்றும் அதே மறுபகுப்பாய்வின் அதே நாளிலிருந்து வரவேண்டும்.

நன்னீர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 30 நாள் உப்புத்தன்மை இழுப்பையும் கவனியுங்கள். பருவமழைக்குப் பின் கங்கை–பிரம்மபுத்திரா நன்னீர் கரையை ஒட்டி ஏறத்தாழ 100 கி.மீ. அகலமுள்ள பட்டையாகத் தெற்கே இறங்குகிறது. கரையோரத்தில் மீனவர்கள் எடுத்துத்தந்த நீர்மாதிரிகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதன் ஆண்டுவாரி வேறுபாட்டை நீங்கள் மாதந்தோறும் அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். இழுப்பை நீக்கினால் சில ஆண்டுகளில் மாதிரி உப்புத்தன்மையில் விலகக்கூடும்; எனவே காலஅளவை ஆறு மாதம் அல்லது ஓராண்டாக நீட்டி, ஆற்று நீரை ஆண்டுவாரித் தரவாகக் கொடுங்கள்.

கரையோரம்:
ஐந்து நாள் எல்லைத் தரவோடு மாதிரியின் ஓட்டம் முடிந்துவிட்டது. உப்புத்தன்மையை இன்னும் மாற்றவில்லை. 1997 இறுதியின் தாழ்வு இப்போது ஒடிசா வரை அளவீட்டோடு ஒத்து வருகிறது. சென்னைக்கு அப்பால் ஒட்டுறவு முன்னைவிட உயர்ந்திருந்தாலும், விசாகப்பட்டினத்தில் உள்ள அளவுக்கு இல்லை. இன்னும் ஏதேனும் விடுபட்டுள்ளதா?

ஆழ்நீர்:
அங்கே விடுபட்டதென்று எதையும் தேடவேண்டியதில்லை என்பது என் கருத்து. தெற்கே வர வர விரிகுடாவின் உட்பகுதியிலிருந்து மேற்கே மெதுவாக நகரும் ராஸ்பி அலைகள் எனப்படும் பேரலைகளும் சுழிப்புகளும் கரையோர அலையோடு கலந்துவிடுகின்றன. அவற்றில் தற்செயலான பங்கு எவ்வளவு என்பதை அறிய, தொடக்க நிலையை மட்டும் சிறிது மாற்றிப் பத்து ஓட்டங்களை இயக்குங்கள். பத்திலும் பொதுவாக வருவது காற்றும் எல்லையும் தந்தது, ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடுவது கடலே உண்டாக்கியது. அதோடு, பழைய பன்னிரண்டு மாதக் கோப்பை அழித்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் இட்ட ஓட்டமே, தொலைவிலிருந்து வரும் அலை இல்லாத ஒப்பீட்டு ஓட்டமாக ஆய்வேட்டில் பயன்படும். காற்றைச் சராசரியாக்கி எல்லையை மட்டும் ஆண்டுவாரியாகக் கொடுக்கும் மூன்றாவது ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், நடுக்கோட்டின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டலாம்.