சம்பளம் கணக்கில் முழுசாக ஏறுகிறது, கைக்கு வருவதில்லை

மணல்மேட்டான்:
சிங்கப்பூரில் கட்டுமான வேலை, துவாஸ் டார்மிட்டரி. ஐபிஏவில் (வேலை பெர்மிட்டுக்கு முன் வரும் ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் பிஓஎஸ்பி வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் சூப்பர்வைசரிடம். 200 வெள்ளி பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார், ‘பெர்மிட் செலவு’ என்கிறார். கணக்கைப் பார்த்தால் முழுச் சம்பளமும் வாங்கியதாகத்தான் இருக்கிறது. எப்படி நிரூபிப்பது?

ஜூரோங் பழைய ஆள்:
தம்பி, வங்கியில் பதிந்த போன் நம்பர் உங்களுடையதா? எனக்குக் கணக்குத் திறந்த அன்று கம்பெனி ஆள் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போனது.

மணல்மேட்டான்:
என்னுடையதுதான் அண்ணே. ஆப் போடவில்லை.

ஜூரோங் பழைய ஆள்:
அப்பாடா. வங்கியின் டிஜிபேங்க் ஆப் போட்டு, பணம் எடுத்தால் மெசேஜ் வரும்படி வையுங்கள். அந்த மெசேஜ் வந்த நேரத்தில் நீங்கள் சைட்டில் கைரேகை வைத்து வேலையில் இருந்தால், எடுத்தது நீங்கள் இல்லை என்று தெரிந்துவிடும். மாதாந்திரக் கணக்கு அறிக்கை, பேஸ்லிப், ஐபிஏ எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு.

கண்ணாடிக்காரன்:
டார்மிட்டரியில் இருப்பவர்களுக்குச் சம்பளம் வங்கி வழியாகத்தான் தரவேண்டும் என்று 1 ஜூலை 2020 முதல் விதி. கார்டே அவர் கையில் இருந்தால் அந்த விதிக்கு என்ன அர்த்தம்? வேலை கொடுக்க, வேலையில் வைத்திருக்கத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. பெர்மிட் செலவு முதலாளியுடையது. இன்றே கார்டை பிளாக் பண்ணுங்கள்.

ஜூரோங் பழைய ஆள்:
அவசரப்படாதீர்கள். புதுக் கார்டு பதிந்த முகவரிக்குத்தான் வரும், அது கம்பெனி ஆபீஸாக இருந்தால்? நேரில் கிளைக்குப் போய் முகவரியைப் பாருங்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் மையமான எம்டபிள்யூசிக்கு 6536 2692இல் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வேலையில் இருக்கும்போது ஓர் ஆண்டுக்குள் நடந்ததற்குத்தான் டாடெமில் (சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) கோரிக்கை வைக்கலாம். வேலையை விட்டுவிட்டால் அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் வைத்துவிட வேண்டும். பழைய மாதங்களை வீணாக்காதீர்கள்.

மணல்மேட்டான்:
ஞாயிற்றுக்கிழமை எம்டபிள்யூசிக்குப் போனேன். பேஸ்லிப்பில் 200 வெள்ளிக் கழிவு எங்கே என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை! அப்புறம் கிளைக்குப் போய்க் கார்டை மாற்றினேன். இன்று காலை சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி: “உன் கார்டு ஏன்டா மெஷின்ல வேலை செய்யல?” சேமித்து வைத்திருக்கிறேன்.