‘மீண்டது’ மும்முறை வரலாமா? முதலாளித்துவம் பற்றிய ஓர் அகவல்

ஈசூன் வாசகி:
வணக்கம். விடியற்காலையில் கட்டுமான ஊழியர்களை ஏற்றிவந்த லாரியிலிருந்து இறங்கிய ஒருவர், சிமெண்ட் காய்ந்து வெடித்த விரல்களால் தேநீர்ப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்க இயலாமல் பல்லால் கடித்து இழுத்ததைக் கண்ட அன்று இதனை எழுதினேன்.

பணத்தை விதைத்தான் பண்டம் விளைந்தது
விளைந்ததை விற்றான் விலையாய் மீண்டது
மீண்டது பணமே மிகுந்தே மீண்டது
மீண்டு வராதது மெலிந்தகை வலிவே

எதுகை இல்லை என்றும், ‘மீண்டது’ மும்முறை வருவது ‘கூறியது கூறல்’ என்னும் குற்றம் என்றும் கவிதைச் சந்திப்பொன்றில் சொன்னார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பிடோக் வாசகர்:
அம்மா, அகவலுக்கு, அதாவது ஆசிரியப்பாவுக்கு, எதுகை கட்டாயமன்று. ‘விளைந்ததை விற்றான் விலையாய்’ என முதல் மூன்று சீரும் முதலெழுத்தால் ஒன்றும் கூழை மோனையில் விற்பனையின் விரைவே கேட்கிறது. ஆனால் ஈற்றயலடியை, அதாவது கடைசிக்கு முந்திய அடியை, ‘மீண்டது பணமே மிகுந்தே’ என முச்சீராக்கினால் நேரிசை ஆசிரியப்பா ஆகும். மூன்றாவது ‘மீண்டது’வும் நீங்கும்.

ஜூரோங் வாசகர்:
ஐயா, இதில் நான் உடன்படவில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் காட்டும் சுற்று, பணம் சரக்காகி, கூடுதல் பணமாகத் திரும்புவது. பணம் பெருத்து வரும் அடியிலேயே ஒரு சீரைக் குறைத்தால் யாப்பு பொருளுக்கு எதிராக நடக்கும், எல்லா அடியும் நாற்சீராய் வரும் நிலைமண்டிலமாகவே இருக்கட்டும். முதல் ‘மீண்டது’ திரும்பியதை மட்டும் சொல்கிறது; மூன்றாவது ‘மிகுந்தே’ என்பதையும் சுமந்து வருகிறது. புதுப்பொருள் சேர்வதால் அது கூறியது கூறல் ஆகாது.

ஓரடியின் இறுதிச்சொல் அடுத்த அடிக்குத் தொடக்கமாவதால் இது அந்தாதி. அந்தாதியின் முடிவு தொடக்கத்தோடு கூடி மண்டலிப்பது, அதாவது வட்டமாய் நிறைவது, மரபு. இங்கே ‘வலிவே’ என்னும் இறுதிச் சொல் ‘பணத்தை’ என்னும் முதற்சொல்லைத் தொடவில்லை. பணம் வட்டமிடுகிறது, உழைத்தவர் வலிமையோ வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. ‘மீண்டு’ என நான்காம் அடி தொடங்கியதும் இன்னொரு திரும்புதலை எதிர்பார்க்கும் செவியை ‘வராதது’ தடுத்து நிறுத்துகிறது. மும்முறை கேட்டிராத செவிக்கு அந்தத் தடை உறைக்காது.

ஈசூன் வாசகி:
இருவருக்கும் நன்றி. ‘மீண்டது’ மூன்றையும் விட்டுவிடுகிறேன். ஆனால் நான் கண்டது மெலிந்த கை அன்று. ‘வெடித்தகை’ என்று மாற்றினால் சீர் கெடவில்லை. மகரத்துக்கு வகரம் இனமாதலால் மோனையும் நிற்கிறது.