இன்ஷூரன்ஸ் லிஸ்ட்டில் இருக்கும் தெரபிஸ்ட் யாருமே கிடைப்பதில்லை, என்ன செய்யலாம்?

வளைகுடா_அம்மா:
கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். நான் ஹெச்-4 (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா). இன்ஷூரன்ஸ் கணவரின் கம்பெனி வழியாக, பி.பி.ஓ. (PPO) பிளான், அதாவது லிஸ்ட்டுக்கு வெளியே இருப்பவரைப் பார்த்தாலும் ஒரு பங்கு தரும் வகை. குழந்தைக்கு ஏழு மாதம். அம்மாவின் விசிட்டர் விசா முடிந்து ஊருக்குப் போனதிலிருந்து நான் சரியாக இல்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது. மகப்பேறு டாக்டர் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, "தெரபி ஆரம்பியுங்கள்" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ் தளத்தில் தேடினால் பக்கத்திலேயே ஏகப்பட்ட பேர். கூப்பிட்டால் ஒருவர் இன்ஷூரன்ஸ் எடுப்பதையே விட்டுவிட்டாராம், இன்னொருவர் புது ஆட்களைச் சேர்ப்பதில்லையாம், ஒரு நம்பரில் பல் டாக்டர் ஆபீஸ்! மற்றதெல்லாம் வாய்ஸ்மெயில். தமிழ் பேசும் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில் கிடைத்தார், வீடியோவில் பார்ப்பாராம். ஆனால் இன்ஷூரன்ஸ் கிடையாது, ஒரு முறைக்கு 220 டாலர். இவரைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? அப்புறம், கிரீன் கார்டுக்கு இது சிக்கலாகுமா?

பில்லிங்_பாரதி:
கிளினிக் பில்லிங்கில் வேலை பார்க்கிறேன். நீங்கள் பார்த்த லிஸ்ட்டுக்கு இங்கே கோஸ்ட் நெட்வொர்க் என்று பெயர். இன்ஷூரன்ஸ் தரும் தொகை கட்டுப்படியாகாமல் தெரபிஸ்ட்கள் விலகிவிடுவார்கள், பெயர் மட்டும் லிஸ்ட்டில் நிற்கும்.

முதலில் கார்டின் பின்பக்கம் பாருங்கள். மனநலத்துக்கென்று தனி நம்பர் இருக்கிறதா? பல பிளான்களில் அந்தப் பகுதியை வேறொரு கம்பெனி நடத்தும். கார்டின் முன்னால் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் "எடுப்பதில்லை" என்பார்கள், அந்த இன்னொரு பெயரைச் சொன்னால் "எடுப்போமே" என்பார்கள்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, லிஸ்ட் வேண்டாம், இடம் காலியாக இருக்கும் ஒருவரிடம் நீங்களே அப்பாயிண்ட்மென்ட் வாங்கித் தாருங்கள் என்று கேளுங்கள். இதற்கென்றே ஆள் வைத்திருக்கும் பிளான்கள் உண்டு. அவர்களாலும் முடியாவிட்டால் கேட்க வேண்டியது 'நெட்வொர்க் கேப் எக்செப்ஷன்'. அதாவது, உங்கள் நெட்வொர்க்கில் தகுந்த ஆள் இல்லாததால் வெளியாள் ஒருவரை இன்-நெட்வொர்க் கணக்கில், அதாவது இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவரைப் பார்ப்பது போன்ற செலவில், பார்க்க அனுமதி. லாஸ் ஏஞ்சலஸ்காரரை இந்த வழியில் கொண்டுவர முடியலாம். முதல் சந்திப்புக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனநலத்தில் பயிற்சி உள்ளவர் தேவை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். தமிழ் என்ற காரணத்தையும் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

யாரைக் கூப்பிட்டீர்கள், எந்தத் தேதி, என்ன பதில் என்று எழுதி வையுங்கள். லிஸ்ட்டைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி 90 நாளுக்கு ஒரு முறை லிஸ்ட்டைச் சரிபார்ப்பது இன்ஷூரன்ஸின் கடமை. தப்பான லிஸ்ட்டை நம்பிப் போனால் உங்களிடம் இன்-நெட்வொர்க் பங்குதான் வாங்கலாம்.

ஒரு கேள்வி: பிளான் 'செல்ஃப் ஃபண்டட்' ஆ, அதாவது சிகிச்சைச் செலவைக் கம்பெனியே தன் பணத்தில் கொடுத்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் நிர்வாகம் மட்டும் பார்ப்பதா? கணவரை ஹெச்.ஆரில் கேட்கச் சொல்லுங்கள்.

வளைகுடா_அம்மா:
கேட்டார், செல்ஃப் ஃபண்டட்தானாம். அது நல்லதா கெட்டதா?

பில்லிங்_பாரதி:
கலிஃபோர்னியாவில் அவசரமில்லாத மனநல அப்பாயிண்ட்மென்ட்டை 10 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது. செல்ஃப் ஃபண்டட் பிளானை அது கட்டுப்படுத்தாது, மாநிலத்தில் புகார் கொடுத்தால் "எங்கள் கையில் இல்லை" என்பார்கள். உங்களுக்கு மத்தியத் தொழிலாளர் துறைதான், 866-444-3272. ஆனால் ஒரு வசதி. பணம் கணவரின் கம்பெனியுடையது, அதனால் ஹெச்.ஆர். பெனிஃபிட்ஸ் ஆள் ஒரு மெயில் போட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் சட்டென்று எழுந்து உட்காருவார்கள். நான் பார்த்தவரை புகாரைவிட இதுதான் வேகம்.

சான்_ஹோசே_சரவணன்:
திரும்ப வாங்குவது பற்றி. தெரபிஸ்ட் 'சூப்பர்பில்' (சிகிச்சை விவரங்களோடு கூடிய ரசீது) தருவார், அதை நீங்கள் கிளெய்ம் போட வேண்டும். 220-ல் பெரும்பகுதி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உதாரணமாக, இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் தொகை 140, அதில் 60 சதவீதம் தருவார்கள் என்றால் கைக்கு வருவது 84. அதுவும் நெட்வொர்க்குக்கு வெளியே என்று தனியாக இருக்கும் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் தர ஆரம்பிக்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) தீர்ந்த பிறகுதான். முன்கூட்டியே 90837 என்ற பில்லிங் எண்ணைச் சொல்லி (ஒரு மணி நேரத் தெரபி) எவ்வளவு ஒப்புக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். 45 நிமிடத்துக்கு 90834.

கணவர் கம்பெனியில் இ.ஏ.பி. (ஊழியர்களுக்கான ஆலோசனை உதவித் திட்டம்) இருக்கிறதா? சில முறை இலவசம், பெரும்பாலும் குடும்பத்துக்கும் சேர்த்து.

கிரீன் கார்டு மெடிக்கலில் மனநலத்தைப் பொறுத்தவரை பார்ப்பது பிறருக்கோ தனக்கோ ஆபத்தான நடத்தை உண்டா என்பதை. தெரபிக்குப் போனதாலேயே யாரையும் நிராகரிப்பதில்லை. சொந்த இன்ஷூரன்ஸைப் பயன்படுத்துவது பப்ளிக் சார்ஜிலும் (அரசு உதவியைச் சார்ந்திருப்பவரா என்று பார்க்கும் விதி) வராது.

கோவை_கீதா:
சரி, இதெல்லாம் நடக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். 833-852-6262, பிள்ளை பெற்றவர்களுக்கான தேசிய மனநல எண். நாள் முழுக்க எடுப்பார்கள், இலவசம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் இலவச ஆன்லைன் குழுக்கள் நடத்துகிறது, தெற்காசியத் தாய்மார்களுக்கென்றும் ஒன்று உண்டு. உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் யோசிக்காமல் 988-ஐ (மனநல நெருக்கடி எண்) கூப்பிடுங்கள்.

சென்னையில் இருக்கும் கவுன்சிலரை வீடியோவில் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கலிஃபோர்னியா லைசென்ஸ் இல்லாதவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது.

வளைகுடா_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். கார்டின் பின்னால் நிஜமாகவே வேறு கம்பெனி! கேப் எக்செப்ஷன் விண்ணப்பம் போயிருக்கிறது, கணவர் ஹெச்.ஆருக்கும் எழுதிவிட்டார். இன்னொன்று, மாமியார் வருகிறார். வீட்டுத் தபாலையெல்லாம் அவர்தான் பிரிப்பார். இன்ஷூரன்ஸிலிருந்து கடிதம் வருமா?

பில்லிங்_பாரதி:
வரும். ஒவ்வொரு சந்திப்புக்கும் இ.ஓ.பி. (EOB) என்று ஒன்று, அதாவது யாரைப் பார்த்தீர்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம், அனுப்புவார்கள். கணவரின் கணக்கில் பேப்பர்லெஸ் ஆக்குங்கள், தபாலில் வராது. உங்களுக்கென்று தனி லாகின் திறந்து, 'கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன்' வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், உங்கள் மெயிலுக்கே அனுப்பச் சொல்லி. எக்செப்ஷன் அனுமதி வந்ததும் அதில் எத்தனை முறை, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேட்காவிட்டால் அடுத்த பில் முழு 220-க்கு வரும்.