விசா மறுத்துவிட்டார்கள் என்றால் அடுத்து என்ன

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா கிளம்பிய ஆச்சி ஒருவருக்குச் சென்னையில் விசா மறுக்கப்பட்டதையும், அடுத்த வாரமே மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று அவருடைய மாப்பிள்ளை கேட்டிருந்ததையும் படித்தேன். விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காக மறுத்தார்களோ அது அப்படியே இருக்கும்போது மறுபடி போய் நின்றால், கட்டிய பணம்தான் போகும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஆத்தாவை (என் அம்மாவை) லண்டனுக்கு அழைத்தபோது, ஊரில் ஒரு முகவர் சொன்னாரென்று, விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு 6 லட்ச ரூபாயை அவர் கணக்கில் போட்டேன். சொத்துக்குச் சான்றாக, 11 புள்ளிகள் (மணமான குடும்பங்கள்) சேர்ந்த பூர்வீக வீட்டின் பத்திர நகலையும், முகப்பில் பர்மாத் தேக்குத் தூணருகே ஆத்தா நிற்கும் படத்தையும் வைத்தோம். வந்த கடிதத்தில் இரண்டே குறைகள்: பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் இல்லை, வீடு விண்ணப்பதாரர் பெயரில் இல்லை. இரண்டும் உண்மைதான், பத்திரம் ஐயாவின் அப்பச்சி (அப்பா) பெயரில் இருந்தது. மறுமுறை பெரிய வீட்டை விட்டுவிட்டு, ஆத்தாவின் பெயரில் மட்டும் இருந்த ஒரு கடையின் வாடகை ரசீதுகள், வைப்புத்தொகையின் வட்டி வரவு காட்டும் ஆறு மாதக் கணக்கு, செலவை நான் ஏற்கிறேன் என்ற கடிதத்தோடு என் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வைத்து, முதல் மறுப்பின் ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதினோம். விசா கிடைத்தது. பங்காளி வீட்டை எவ்வளவு பெருமையாகக் காட்டினாலும், அயல்நாட்டு அதிகாரிக்கு அது யாருடைய வீடோதான்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, கையில் கொடுத்த தாளில் 214(பி) என்று இருந்தால், திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு ஏற்படவில்லை என்று பொருள். அதற்கு மேல்முறையீடு கிடையாது, புதிய விண்ணப்பமும் மறுபடி 185 டாலரும்தான் வழி. 221(ஜி) என்று இருந்தால் கதையே வேறு: ஏதோ ஆவணமோ கூடுதல் பரிசீலனையோ நிலுவையில் இருக்கிறது, ஆவணம் கேட்டிருந்தால் ஓராண்டுக்குள் கொடுக்கலாம். அமெரிக்க விசா நேர்காணலில் பெரும்பாலும் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, இரண்டு நிமிடப் பேச்சில் முடிவு செய்கிறார்கள். ஆகவே ஆச்சி தமிழிலேயே பேசட்டும்; மகளுக்குப் பேறுகாலம், இத்தனை மாதம் இருப்பேன், படைப்புக்கு (குடும்பத்து முன்னோர் வழிபாட்டுக்கு) திரும்பிவிடுவேன் என்று உள்ளதைத் தாமே சொல்லட்டும்.

பிரிட்டனிலும் சுற்றுலா விசா மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. நீதிமன்றச் சீராய்வு உண்டு என்றாலும், அதன் செலவுக்குப் பத்து முறை விண்ணப்பித்துவிடலாம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் காரணத்தைக் குறியிட்ட படிவம் தருவார்கள். மறுத்த நாட்டிடமே முறையிடும் உரிமை உண்டு, கெடுவும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி 2025 ஜூலை முதல் தூதரகத்தில் முறையிடும் வழியை எடுத்துவிட்டதால், அங்கே நீதிமன்றம் அல்லது புதிய விண்ணப்பம்தான். கனடாவில் வசிக்கும் பிள்ளைகள் 5 டாலர் கட்டி அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கடிதம் சொல்லாததை அவை சொல்லும். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 60 நாள் கெடு. பெற்றோருக்கு அங்கே சூப்பர் விசா என்று தனி வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு மறுத்தால், அந்தப் பிள்ளையே அங்குள்ள மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.

எந்த நாட்டுப் படிவமானாலும், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதுங்கள். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் தெரியாது என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள், கைரேகை பழையதுதானே. மறைத்தது தெரிந்தால் பிரிட்டன் 10 ஆண்டு, கனடா 5 ஆண்டு கதவை அடைத்துவிடும். அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் தொடரும்.

பேறுகாலம் அல்லாமல் வெறுமனே பார்ப்பதற்கான பயணம் என்றால், வெளிநாட்டில் இருக்கும் நாமே பாதி வழி வந்து பெற்றோரைச் சந்திக்கலாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் கையில் வேண்டும். நாங்கள் ஒரு முறை தைப்பூசத்துக்குப் பினாங்கில் கூடினோம். அங்கே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் வெள்ளி ரதத்தைப் பார்த்த ஆத்தாவுக்கு லண்டன் அதற்குப் பிறகு அவ்வளவாக நினைவுக்கு வரவில்லை.

மாப்பிள்ளை தம்பி, ஆச்சியிடம் கொடுத்த தாளில் எந்தப் பிரிவு எண் இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். தாளைப் படமெடுத்து அனுப்புவதானால் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.