மைவி முன்சக்கர புஷ்: எட்டே மாதத்தில் மறுபடியும் ‘கடக்’, ரப்பரா பியூவா?

மைவி_டீச்சர்:
வணக்கம். என் கார் 2009 மைவி. சுங்கை சிப்புட் டவுனிலிருந்து தோட்டத்துப் பள்ளிக்குத் தினமும் போய் வருகிறேன். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் போட்ட தடத்தில்தான் என் சக்கரமும் இறங்கி ஏற வேண்டும். முன்பக்க லோவர் ஆமில் (சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கும் இரும்புக் கை) இருக்கும் புஷ் நான்கையும் (நடுவில் இரும்புக் குழாய், வெளியே வளையம், இடையில் ரப்பர்) எட்டு மாதத்துக்கு முன்தான் மாற்றினேன். இப்போது பள்ளி வாசலில் பிரேக் வைத்தால் இடது பக்கம் ‘கடக்’. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாலும் ஒரு ‘கடக்’. டயரின் உள் ஓரம் வேறு வழுக்கையாகி வருகிறது. மாற்றிக் கொடுத்தவரைக் கேட்டால், “இந்த ரோட்டுக்கு ரப்பர் தாங்காது டீச்சர், பியூ போட்டுவிடுங்கள்” என்கிறார். பியூ என்றால் பாலியூரித்தேன், கலர் கலராக வருமே, அந்தக் கெட்டியான புஷ். மூன்று மடங்கு விலை சொல்கிறார். போடலாமா?

செம்மண்_கன்சில்:
யோசிக்கவே வேண்டாம் அக்கா, பியூதான். என் கன்சில் காரில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஒரு சத்தம் இல்லை. ஸ்டேரிங்கைத் தொட்டால் போதும், கார் திரும்புகிறது. எட்டு மாதத்துக்கு ஒரு தடவை கூலி அழுவதற்கு ஒரேயடியாகச் செலவழித்துவிடுங்கள்.

டவுன்_போர்மென்:
புஷ் மட்டும் மாற்றியதே தப்பு டீச்சர். ஆமை முழுசாக மாற்றியிருக்க வேண்டும். (ஆமை என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.) பழைய ஆமிலிருந்து புஷ்ஷை எடுத்துப் புதியதை ஏற்ற பிரஸ் மெஷின் வேண்டும். இங்கே பாதிப் பெங்கலில் (கார் பட்டறையில்) சுத்தியல்தான் பிரஸ். வெளிவளையத்தில் அழுத்தம் கொடுக்காமல் நடுக்குழாயில் அடித்து ஏற்றினால், கார் ரோட்டைப் பார்க்கும் முன்பே உள்ளே ரப்பர் பிய்ந்திருக்கும். சில புஷ்களில் ரப்பரில் ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று குறியும் இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

செம்மண்_கன்சில்:
அண்ணே, கடையில் விற்கிற லோக்கல் ஆமில் வருகிற புஷ் மட்டும் தங்கமா? அதுவும் அதே ரப்பர்தானே. ஓரி, அதாவது கம்பெனி ஒரிஜினல், வாங்கலாம் என்றால் விலை எகிறுகிறது. பொத்தோங் கடைக்கு (பழைய காரை வெட்டிப் பாகம் விற்கும் கடை) போனால், ஜப்பானில் பத்து வருடம் ஓடிக் களைத்த ரப்பரைத்தான் கழற்றித் தருவார்கள்.

டவுன்_போர்மென்:
பொத்தோங் கடையை நான் சொல்லவே இல்லை, நீதான் சொன்னாய்.

புகைக்கூடம்:
ரப்பர் தாங்காது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். ரப்பர் ஆலைப் புகைக்கூடத்தில் 19 வருடம் ஷீட் தொங்கவிட்டவன் நான். பினாங்கின் இரண்டாவது பாலத்தை 2014-இல் திறந்தார்களே, நிலநடுக்கம் வந்தாலும் அசைந்து கொடுக்கட்டும் என்று அதன் அடியில் வைத்திருப்பது இயற்கை ரப்பர் தாங்கிகள்தான். பாலத்தைத் தாங்குகிற ரப்பர் டீச்சருடைய மைவியைத் தாங்காதா?

ரப்பருக்கு எமன் எண்ணெய். ஆலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். ஷீட்டில் கட்டைவிரல் அளவு வெட்டி மண்ணெண்ணெய் போத்தலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். காலையில் கொழுக்கட்டை மாதிரி ஊதிக் கிடக்கும், நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வரும். அதனால் பியூவா ரப்பரா என்று கேட்கும் முன், அந்த இடது புஷ்ஷுக்கு மேலே ஏதாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள் டீச்சர்.

செம்மண்_கன்சில்:
பாருங்கள், ஐயாவே என் பக்கம் பேசிவிட்டார். எண்ணெய் பட்டால் பியூ அப்படி ஊதாது.

புகைக்கூடம்:
தம்பி, உன் பியூ எப்படி வேலை செய்கிறது? நடுக்குழாயைச் சுற்றி வழுக்கிச் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் வேண்டும். ரப்பர் புஷ் அப்படி வழுக்காது. இரும்போடு ஒட்டியிருக்கும், முறுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். நம் செம்மண் தூள் கிரீஸோடு கலந்தால் என்ன ஆகும்? மணல்தாள். மழைக்காலத்தில் சேறும் சேரும். வெளியூரில் பந்தயம் ஓட்டுகிறவன் வாரத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைப்பான். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவாரா, புஷ்ஷுக்கு கிரீஸ் அடிப்பாரா?

செம்மண்_கன்சில்:
நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி சிலிகோன் கிரீஸ் போடுகிறேன் ஐயா. சோம்பேறிக்குத்தான் ரப்பர்.

கிராணி_மகன்:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. டீச்சர், கடைசியில் போல்ட்டை முறுக்கும்போது கார் எங்கே இருந்தது? சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா?

மைவி_டீச்சர்:
ஜாக்கில் தூக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் முறுக்கி, டயரையும் மாட்டிய பிறகுதான் இறக்கினார்கள்.

கிராணி_மகன்:
அதுதான் நான் நினைத்தேன். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் நடுக்குழாய் காரின் அடியில் இருக்கும் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். சக்கரம் தொங்குகிற நிலையில் பூட்டிவிட்டு காரை இறக்கினால், ஆம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடாமல் போர்ச்சில் நின்றாலும் முறுக்கு முறுக்குதான். ஈரத்துணியைப் பிழிந்து, பிழிந்த கையை விடாமல் வைத்திருப்பது மாதிரி. அதற்கு மேல் குழியில் வேறு இறங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

டவுன்_போர்மென்:
தம்பி, தரையில் இறக்கிவிட்டால் ஸ்பேனர் எப்படி உள்ளே போகும்? நான் இருபது வருடமாகத் தூக்கி வைத்துத்தான் முறுக்குகிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

கிராணி_மகன்:
சண்டை போட மாட்டார்கள் அண்ணே. ஒரு வருடம் கழித்து, ரோடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு புது புஷ் போட வருவார்கள். தரையில் இறக்கவும் வேண்டாம். கார் ஸ்டாண்டில் நிற்கட்டும். ஆமின் நுனியில், சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட் பக்கம், இன்னொரு ஜாக்கை வைத்து, கார் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கிற வரைக்கும் தூக்குங்கள். அந்த நிலையில் இறுக்குங்கள்.

செம்மண்_கன்சில்:
பியூவுக்கு இந்தத் தலைவலியே இல்லை. சுழலும், முறுக்காது. சும்மா சொன்னேன்.

மைவி_டீச்சர்:
சனிக்கிழமை பார்த்தோம். வீட்டுக்காரர் கனமான பலகைகளை அடுக்கி, நான்கு சக்கரத்தையும் அதன் மேல் ஏற்றினார். கார் தன் சக்கரத்திலேயே நின்றது, அடியில் கை போகும் அளவுக்கு இடமும் கிடைத்தது. முதலில் வலது பக்கம். என் கரெக்ஷன் பேனாவால் நடுக்குழாய் விளிம்பிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். போல்ட்டை இளக்கியதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம், கோடு இரண்டாக விலகிவிட்டது; கிராணி மகன் சொன்ன முறுக்குதான். அப்படியே திரும்ப இறுக்கினோம். அந்தப் பக்க ரப்பரில் மெல்லிய கீறல்தான், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் போலிருக்கிறது.

இடது பக்கம் வேறு கதை. கோடு போடத் துடைத்தேன், துணியெல்லாம் சிவப்பு எண்ணெய். டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸில் நுழைகிற இடத்தில் சீல் ஒழுகி, சொட்டுச் சொட்டாக புஷ் மேலேயே விழுந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் அல்வா மாதிரி அமுங்குகிறது. ஐயா சொன்ன கொழுக்கட்டைதான் ஞாபகம் வந்தது.

செம்மண்_கன்சில்:
மறுபடியும் சொல்கிறேன், பியூ போட்டிருந்தால் ஊதியிருக்காது.

புகைக்கூடம்:
சீல் ஒழுகுவதும் தெரிந்திருக்காது. கியர்பாக்ஸ் காய்ந்த பிறகு தெரிந்திருக்கும்.

டவுன்_போர்மென்:
திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கொண்டு வாருங்கள் டீச்சர். முதலில் சீல், அப்புறம் இடது ஆம். உங்கள் ஆம் நேராக இருந்தால் பிரஸ்ஸில் புஷ் மட்டும் ஏற்றித் தருகிறேன். கிராணி மகனே, நீயும் வா. அந்த இரண்டாவது ஜாக்கை எங்கே வைக்கச் சொல்கிறாய் என்று காட்டு, நின்று பார்க்கிறேன்.

மைவி_டீச்சர்:
வருகிறேன் அண்ணே. ரப்பர்தான் வாங்கியிருக்கிறேன், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அலைமெண்ட்டும் (சக்கரக் கோணம் சரிபார்ப்பது) அன்றைக்கே பார்த்துவிடலாமா?

டவுன்_போர்மென்:
இரண்டு நாள் அந்தச் செம்மண்ணில் ஓட்டிவிட்டு வாருங்கள், புஷ் உட்காரட்டும். பிறகு பார்க்கலாம்.